சவுக்குக் கன்று வாடுதா? மருந்துக்கு முன்னால காரணத்தைத் தேடுவோம்



தொட்டியில் குட்டை மரம் வளர்ப்பதை நம் குழுக்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். போன்சாய் என்று சொல்வார்கள். ஒரு முழம் உயரம்கூட இருக்காது, ஆனால் பார்த்தால் வயசான மரம் மாதிரியே இருக்கும். இதற்கு வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்துக் கன்று வாங்க வேண்டியதில்லை. பழவேற்காட்டிலிருந்து காட்டுப்பள்ளி வரைக்கும் கடற்கரையோரம் நாம் தினமும் பார்க்கிற சவுக்குதான் சூடான ஊர்களில் போன்சாய்க்கு மிகவும் ஏற்ற மரங்களில் ஒன்று. வெட்டினால் துளிர்க்கும், வெயில் தாங்கும், கன்றும் மலிவு.

ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. "நேத்து பச்சையா இருந்துச்சும்மா, இன்னைக்குப் பார்த்தா நுனியெல்லாம் கருகிக் கிடக்கு" என்ற பேச்சு கன்று வளர்க்கிற எல்லா வீட்டிலும் ஒரு நாள் வரும். உடனே என்ன செய்கிறோம்? ஒருத்தி இன்னும் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறாள். இன்னொருத்தி ஒரு பிடி யூரியா போடுகிறாள். மூன்றாவது ஆள் கடையில் போய் ஏதோ ஒரு மருந்து வாங்கி அடிக்கிறாள். பாதிக் கன்றுகள் நோயால் சாவதில்லை, இந்த வைத்தியத்தால்தான் சாகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குழு உள்கடன் எடுத்து 200 கன்று வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கன்று, தொட்டி, மண் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 60 ரூபாய் என்றால் மொத்தம் 12,000 ரூபாய். நாலில் ஒரு பங்கு செத்தால் 3,000 ரூபாய் போச்சு. அதோடு இரண்டு மூன்று வருஷம் கம்பி கட்டி, கிளை வெட்டி வளர்த்த உழைப்பும் போச்சு. கடன் தவணை மட்டும் அப்படியே நிற்கும். "நீ தண்ணி ஊத்தல, அதான் செத்துச்சு" என்று உறுப்பினர்களுக்குள் மனஸ்தாபமும் வரும். அதனால் கன்றுக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கிற வித்தையை முதலில் கற்றுக்கொள்வோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம், என்ன சாப்பிட்டது என்று கேட்கிறோம், பிறகுதானே மாத்திரை? செடிக்கும் அதே முறைதான்.

இந்த மரங்கள் எங்கிருந்து வந்தவை?

நாம் "நம்ம ஊர் மரம்" என்று நினைக்கும் பல மரங்கள் ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்டவை. சவுக்கின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வடக்கு, கிழக்குக் கடற்கரைகளும் தென்கிழக்கு ஆசியாவும். இந்தியாவில் 1860-களில் கர்நாடகக் கடற்கரையில் கார்வார் பக்கம் நட்டுப் பரப்பினார்கள். தைலமரம், கத்திச் சவுக்கு, சிவப்பாகப் பூக்கும் பாட்டில் பிரஷ், மலைத் தோட்டங்களில் நிழலுக்கு வைக்கும் சில்வர் ஓக் எல்லாமே அந்தப் பக்கத்து மரங்கள்தான்.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு லாபம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மண் மிகப் பழைய மண். அதில் மணிச்சத்து ரொம்பக் குறைவு. அந்த ஏழை மண்ணில் பிழைக்கப் பழகிய மரங்கள் இவை. நெல்லுக்கும் கத்தரிக்கும் போடுகிற மாதிரி உரம் போட்டால் இவற்றுக்கு ஆகாது. மேலும், இவை வெட்டவெளி வெயிலில் வளர்கிற மரங்கள். திண்ணை நிழலும் கூடத்து மூலையும் இவற்றுக்குச் சிறை மாதிரி.

எது நோய், எது இயல்பு?

சவுக்கில் நாம் இலை என்று நினைக்கிற பச்சை ஊசி உண்மையில் இலை அல்ல. அது மெல்லிய குச்சி. ஒன்றைப் பிடுங்கி இழுத்துப் பாருங்கள், கணுக்கணுவாகக் கழலும். ஒவ்வொரு கணுவிலும் சுற்றி இருக்கும் சின்னஞ்சிறு பல் போன்றவைதான் இலை. உள்பக்கத்துப் பழைய ஊசிகள் பழுத்து உதிர்வது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புதிய நுனி கருகினால்தான் கவலைப்பட வேண்டும்.

கத்திச் சவுக்குக் கன்று முளைத்தவுடன் புளிய இலை போலப் பிரிந்த இலை விடும். கொஞ்ச நாளில் அது போய், கத்தி போல அகலமான இலை வரும். தைலமரத்திலும் கன்றின் இலை ஒரு மாதிரியாகவும் வளர்ந்த மரத்தின் இலை வேறு மாதிரியாகவும் இருக்கும். "இலை மாறிப்போச்சு, ஏதோ வியாதி" என்று சொல்லிக் கன்றைப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் கேட்க வேண்டிய நாலு கேள்விகள்

ஒன்று, எத்தனை கன்றுக்கு வந்திருக்கிறது? ஒரு வரிசை முழுக்க ஒரே மாதிரி வாடினால் காரணம் பெரும்பாலும் தண்ணீர், மண், உரம், வெயில் இவற்றில் ஒன்று. அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து பக்கத்துக் கன்றுக்குப் பரவினால் பூச்சியோ நோயோ என்று சந்தேகப்படலாம்.

இரண்டு, எங்கே ஆரம்பித்தது? நுனியிலா, அடியிலா, ஒரே ஒரு கிளையிலா, அல்லது செடி முழுக்கவா?

மூன்று, எவ்வளவு வேகம்? ஒரே நாளில் தொங்கிப்போனால் வேர்ப்பக்கம் பாருங்கள். ஒரு மாதமாக மெல்ல மெல்ல வெளுத்தால் சத்துக் குறைவு, உப்பு, நிழல் என்று பாருங்கள்.

நான்கு, கடந்த பதினைந்து நாளில் என்ன மாற்றம் செய்தோம்? இடம் மாற்றினோமா, உரம் போட்டோமா, வேர் வெட்டினோமா, தண்ணீர் எடுக்கிற இடத்தை மாற்றினோமா? பல சமயம் பதில் இந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிடும்.

வீட்டிலேயே செய்யும் சோதனைகள்

நகச் சோதனை: வாடின கிளையின் நுனியில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்து பழுப்பாக இருந்தால் கொஞ்சம் கீழே சுரண்டுங்கள். எங்கே பச்சை தெரிகிறதோ அதுவரை உயிர் உண்டு. அதற்கு மேலே உள்ளதை மட்டும் வெட்டினால் போதும்.

விரல் சோதனை: ஆள்காட்டி விரலை ஒரு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். மேல்மண் காய்ந்து உள்ளே சொதசொதவென்று இருந்தால் தண்ணீர் அதிகம். மேலே நனைந்து உள்ளே புழுதியாக இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை.

வேர்ச் சோதனை: மண்ணோடு சேர்த்து மெதுவாகக் கன்றைத் தூக்குங்கள். வெளுத்த, கெட்டியான வேர் நல்ல வேர். கறுத்து, வழுவழுத்து, இழுத்தால் தோல் உரிந்து வந்து, சாக்கடை வாடை அடித்தால் வேர் அழுகல்.

வெள்ளைத்தாள் சோதனை: கிளைக்குக் கீழே வெள்ளைத்தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது தூசி இல்லை, சிலந்திப்பேன்.

தண்ணீர்தான் முதல் சந்தேகம்

வாடுகிற கன்றுக்கெல்லாம் தாகம் என்று நினைப்பது தவறு. தாகத்தில் வாடிய கன்று தண்ணீர் ஊற்றினால் சாயங்காலத்துக்குள் நிமிரும். தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை, மண்ணும் ஈரமாகவே இருக்கிறது என்றால் வேர் மூச்சுத் திணறுகிறது. அங்கே இன்னும் தண்ணீர் ஊற்றுவது முழுகுகிறவளுக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுப்பது போல.

அப்படி இருந்தால் தொட்டியின் அடித்துளையைக் குச்சியால் குத்திப் பாருங்கள். அடைபட்டிருக்கும். அழுகிய வேரைச் சுத்தமான கத்தரியால் வெட்டி, புது மண் கலவையில் வைத்து, பத்து நாள் அரை நிழலில் வையுங்கள். அந்தப் பத்து நாளும் உரம் கூடாது.

மண் கலவையில்தான் பலர் ஏமாறுகிறோம். வயல் களிமண்ணை அள்ளித் தொட்டியில் போட்டால் காயும்போது பாறை, நனையும்போது சேறு. செம்மண், நன்றாக மக்கிய தொழு உரம், பருமணல் மூன்றும் சேர்ந்தால் நல்லது. மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டைச் சலித்துத் தூளை நீக்கிவிட்டுப் போடலாம். உடைந்த செங்கலைக் கொத்தமல்லி விதை அளவுக்கு நொறுக்கியும் சேர்க்கலாம். கடற்கரை மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். தென்னை நார்க் கழிவிலும் உப்பு இருக்கும். மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே சேருங்கள்.

நம் ஊரின் தனிப் பிரச்சினை: உப்பு

மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிவருவதை 1960-களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள். ஆய்வாளர் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா? பருப்பு வேகாததும், குடத்தில் வெள்ளை படிவதும் நமக்குத் தெரியும். அதே தண்ணீரைத்தான் கன்றுக்கும் ஊற்றுகிறோம்.

"சவுக்கு கடலோரமே வளருதே, அதுக்கு உப்பு ஒண்ணும் பண்ணாதே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தரையில் நிற்கும் சவுக்கு உப்பைத் தாங்கும். அதன் வேர் ஆழமாகப் போகும், மழைக்காலத்தில் உப்பு கழுவிப் போய்விடும். ஆனால் போன்சாய்த் தட்டில் நாலு விரல் ஆழம்தான் மண். தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கும். தினமும் ஊற்ற ஊற்ற அது ஏறிக்கொண்டே போகும். சித்திரை, வைகாசியில் நாள் இரண்டு வேளை ஊற்றும்போது உப்பும் இரண்டு மடங்கு சேரும்.

அடையாளம் என்ன? தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளைப் பூச்சு. எல்லாக் கன்றிலும் நுனி மட்டும் கருகுதல். வெயில் காலத்தில் அதிகமாகி, மழை பெய்தவுடன் தெளிதல். இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலும் உப்புதான். உறுதி செய்ய ஒரு வழி உண்டு. ஒரே மாதிரி வாடிய நாலு கன்றை எடுங்கள். இரண்டுக்குப் பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ நல்ல தண்ணீரோ ஊற்றுங்கள். இரண்டுக்கு வழக்கமான போர் தண்ணீர். மூன்று வாரத்தில் புதுத் துளிர் எதில் சுத்தமாக வருகிறது என்று பாருங்கள். செலவில்லாத சோதனை இது.

தீர்வு: பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரைத் தொட்டி அளவைப்போல் மூன்று மடங்கு, அடித்துளை வழியாக ஓடும்படி மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பீப்பாயில் பிடித்து, கொசு போகாதபடி துணி கட்டி வையுங்கள். தண்ணீரையும் மண்ணையும் பரிசோதிப்பது பற்றி திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். குழுவாகப் போனால் நல்ல விளக்கம் கிடைக்கும்.

வெளுத்துப் போனால்

அடியில் உள்ள பழைய ஊசிகளும் இலைகளும் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. புதுத் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. பாட்டில் பிரஷ், சில்வர் ஓக் கன்றுகளில் இது நன்றாகத் தெரியும். இரும்பு மண்ணில் இருந்தாலும், சுண்ணாம்புத் தன்மை உள்ள தண்ணீரும் அதிகமான மணிச்சத்தும் அதை வேருக்குக் கிடைக்கவிடாமல் செய்துவிடும். அதனால் இந்தக் கன்றுகளுக்கு டி.ஏ.பி. வேண்டாம். மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ மாதம் ஒரு சின்னக் கைப்பிடி போதும்.

சவுக்குக்கு இயற்கையே ஒரு உதவியாளரைக் கொடுத்திருக்கிறது. ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் அதன் வேரில் கொத்துக்கொத்தாக முடிச்சுப் போட்டு, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். நிலக்கடலை வேரில் முடிச்சு இருப்பது போலத்தான். கன்று முழுக்க வெளிர்ந்து, வேரில் ஒரு முடிச்சும் இல்லை என்றால், ஆரோக்கியமான பெரிய சவுக்கு மரத்தின் வேரோரத்து மண் ஒரு பிடி எடுத்துவந்து கலந்துவிடுங்கள். வாடி நிற்கும் தோப்பிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். பட்டை கொப்புளித்து, உள்ளே கரித்தூள் போலக் கறுப்புப் பொடி இருந்தால் அது சவுக்கைக் காயவைக்கும் பூஞ்சண நோய். அந்த மண்ணும் வேண்டாம், குச்சியும் வேண்டாம்.

பூச்சியா, நோயா?

எறும்பு வரிசையாகச் செடி மேல் ஏறுகிறதா? எறும்பு சும்மா ஏறாது. மேலே மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கும். அவை கழிக்கும் இனிப்பு நீருக்காகத்தான் போகிறது. ஈரத்துணியாலோ பழைய பல் பிரஷாலோ துடைத்து எடுங்கள். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். முதலில் ஒரு கன்றில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தெளியுங்கள். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் வயலுக்கு அடிக்கும் விஷ மருந்தைக் கொண்டுவராதீர்கள்.

பொறிவண்டைப் பார்த்தால் விரட்டாதீர்கள். 1888-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டங்களை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பஞ்சுப்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. அதே ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்றிரண்டு வருஷத்திலேயே பூச்சி அடங்கியது. நம் முற்றத்துப் பொறிவண்டும் கூலி கேட்காமல் வேலை செய்கிற ஆள்தான்.

தைலமரக் கன்றில் இலை நடுநரம்பிலும் இலைக்காம்பிலும் குச்சியிலும் கொப்புளம் போல வீங்கியிருந்தால் அது முடிச்சுக் குளவி. இதுவும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்ததே. 2000-க்குப் பிறகு கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் தைலமரத் தோட்டங்களில் பெரிய சேதம் செய்தது. புழு முடிச்சுக்குள்ளே இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து சேராது. வீங்கிய பகுதியைக் கிள்ளிப் பையில் கட்டி எரித்துவிடுங்கள். புதுக் கன்று வாங்கும்போது இலையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

நாற்றங்கால் பாத்தியில் நாற்று மண்மட்டத்தில் நூல்போல மெலிந்து சாய்ந்து, அந்தச் சாவு வட்டமாகப் பரவினால் அது நாற்றழுகல். சாய்ந்ததை மண்ணோடு அள்ளி எறியுங்கள். நெருக்கமாக உள்ள நாற்றைக் களையுங்கள். தண்ணீரைக் காலையில் மட்டும், பூவாளியால் அளவாகத் தெளியுங்கள். தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து பாத்தியில் போடுவது வராமல் தடுக்க உதவும்.

நாமே செய்யும் காயங்கள்

கட்டிய கம்பி கிளையில் பதிந்து, அதற்கு மேல் உள்ளது மட்டும் வாடினால் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். சுற்றிக் கழற்றினால் கிளை ஒடியும். பழைய பையில் வேர் சுருண்டு கிடந்தால் ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், கன்றும் வளராது. வேரைப் பிரித்து வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலிலும் அடைமழையிலும் வேரில் கைவைக்காதீர்கள். ஒரே நாளில் வேரையும் வெட்டி, பச்சை முழுவதையும் வெட்டினால் கன்று எதைக் கொண்டு பிழைக்கும்? ரோட்டுப் புழுதியும் புகைக்கரியும் படியும் வீடுகளில் வாரம் ஒருமுறை இலையைக் கழுவிவிடுங்கள்.

சுருக்கமாக நினைவில் வைக்க

- எல்லாக் கன்றிலும் நுனி கருகல், விளிம்பில் வெள்ளைப் பூச்சு: உப்பு. கழுவுங்கள்.
- மண் ஈரம், செடி வாட்டம், கெட்ட வாடை: வேர் அழுகல். தண்ணீரை நிறுத்தி மண் மாற்றுங்கள்.
- கிளை மெலிந்து நீண்டு, வெளிர்ந்து போதல்: வெயில் போதவில்லை. பத்து நாளில் படிப்படியாக வெயிலுக்கு மாற்றுங்கள்.
- புதுத் துளிர் மஞ்சள், நரம்பு பச்சை: இரும்புக் குறைவு. டி.ஏ.பி.யை நிறுத்துங்கள்.
- எறும்பு வரிசை, பிசுபிசுப்பு: மாவுப்பூச்சி அல்லது செதில் பூச்சி.
- உள்பக்கத்துப் பழைய ஊசி உதிர்தல்: இயல்பு. ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். தண்ணீர், உரம், இடம் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எதனால் பிழைத்தது, எதனால் செத்தது என்று கடைசி வரை தெரியாது. தீர்மானப் புத்தகம் எழுதுகிற மாதிரி கன்றுக்கும் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, எத்தனை கன்று, என்ன அடையாளம், என்ன செய்தோம், பதினைந்து நாள் கழித்து எப்படி இருக்கிறது என்ற ஐந்து விவரம் போதும். எழுதத் தெரியாத உறுப்பினர் சொல்லச் சொல்ல, படிக்கிற பிள்ளை எழுதட்டும். அடுத்த வருஷம் இதே மாதத்தில் அந்த நோட்டுதான் உங்களுக்கு வைத்தியர்.

விற்கும்போதும் வாங்குகிறவரிடம் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்: "வெயில்ல வைங்க, மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணி ஊத்துங்க." கூடத்து மேசையில் வைத்த சவுக்கு நிச்சயம் மெலியும். அப்போது கெட்ட பெயர் நம் குழுவுக்குத்தான் வரும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு வாடிய கன்று கொண்டுவாருங்கள். சேமிப்பு வரவு முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்கி, மேலே சொன்ன நாலு கேள்வியையும் எல்லோரும் சேர்ந்து கேட்டுப் பாருங்கள். யார் தண்ணீர் ஊற்றவில்லை என்ற சண்டையை விட, கன்றுக்கு என்ன ஆச்சு என்ற பேச்சு குழுவுக்கு நல்லது.